பருமரத்துக்கு ஏற்ற இரம்பம்



திருவண்ணாமலையில் கார்த்திகைத் திருவிழாவின் ஏழாம் நாள் தேரோட்டம் நடைபெறுகிறது. விநாயகர், முருகன், அண்ணாமலையார், உண்ணாமுலையம்மை, சண்டிகேசுவரர் ஆகிய ஐவருக்கும் ஐந்து தேர்கள். அவை ஒன்றன்பின் ஒன்றாக மாட வீதிகளில் வலம் வருகின்றன. அவற்றுள் அண்ணாமலையார் எழுந்தருளும் பெரிய தேரை மகாரதம் என்பர். அத்தேர் 2024ஆம் ஆண்டில் பழுது பார்க்கப்பட்டு, அவ்வாண்டு நவம்பர்த் திங்களில் வெள்ளோட்டம் விடப்பட்டது.

தேரைக் காண வருவோர் அதன் சிற்பங்களைப் பார்க்கிறார்கள். கொடியையும் குடையையும் பார்க்கிறார்கள். அத்தனைப் பாரத்தையும் தாங்கிக்கொண்டு அடியிலே கிடக்கும் பெரும் உத்திரங்களைக் குனிந்து பார்ப்பவர் மிகச் சிலரே. தமிழ்நாட்டுத் தேர்களுக்கு இலுப்பை, வேங்கை, தேக்கு போன்ற வைரம் பாய்ந்த மரங்களைத் தச்சர்கள் தேர்ந்தெடுப்பது வழக்கம். அத்தகைய மரம் ஒன்று உத்திரம் தரும் பருமன் அடைய, ஒரு மனிதனுடைய வாழ்நாள் அளவு காலம் வேண்டும். அதனை அறுத்து முடிக்க இன்று ஒரு மணி நேரம் போதும். ஆண்டுகள் பல செலவிட்டு இயற்கை ஆக்கியதை ஒரு மணி நேரத்தில் நாம் பயன்படுத்தவும் கூடும், பாழாக்கவும் கூடும். இவ்விரண்டில் எது நிகழும் என்பது பெரும்பாலும் இரம்பத்தைத் தேர்ந்தெடுப்பதிலேயே முடிவாகிவிடுகிறது.

ஆகவே, பருமரத்தை அறுப்பதற்குப் பொறியால் இயங்கும் இரம்பங்களுள் எதனைத் தேர்வது, எப்படித் தேர்வது என்பதனை இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். 'இது தச்சருக்கும் மரவாடிக்காரருக்கும் உரிய செய்தியாயிற்றே; மாணவருக்கு எதற்கு?' என்று நீங்கள் கேட்கலாம். உங்களுள் சிலர் நாளை தொழிற்பயிற்சி நிலையங்களுக்குச் செல்வீர்கள்; சிலர் பொறியியல் பயில்வீர்கள்; சிலர் தோப்புக்கும் தோட்டத்துக்கும் உரியவர்கள் ஆவீர்கள். இவற்றுள் எதிலும் சேராதவர் வீட்டு வாயிலிலும் ஒரு புயல் நாளன்று பெருமரம் ஒன்று விழுந்து கிடக்கக்கூடும். அன்றியும், கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையில் மரநூலும் இயற்பியலும் கணக்கும் ஒருங்கே வந்து சேர்கின்றன. வகுப்பறையில் தனித்தனியே கற்றவை ஒரே இடத்தில் கைகொடுப்பதைக் காண்பது கல்விக்கு நல்லது.

கடைக்குச் செல்பவர் பெரும்பாலும் கேட்கும் முதற்கேள்வி, 'எந்த இரம்பத்துக்கு ஆற்றல் மிகுதி?' என்பது. அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. முதலில் கேட்க வேண்டுவது, 'நான் அறுக்கப்போகும் மரம் எத்தகையது?' என்பதாகும்.

தொல்காப்பியர் மரபியலில் செடிகொடிகளைப் பற்றிக் கூறுமிடத்து, அகத்தே வைரம் உடையவற்றை மரம் என்றும், புறத்தே வைரம் உடையவற்றைப் புல் என்றும் வகுத்தார். இவ்வகைப்பாட்டின்படி தேக்கும் வேங்கையும் மரம். பனையும் தென்னையும் புல். இலக்கண வகுப்பில் இதனை மனப்பாடம் செய்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். மரவாடியில் இது நாள்தோறும் பயன்படும் அறிவு. தேக்கின் வெளிப்பகுதி மென்மையானது. அதனை வெளிறு என்பர். உள்ளே செல்லச் செல்ல வைரம். ஆகையால் இரம்பம் எளிதாக உள்ளே புகுந்து, நடுவில் சென்று திணறும். பனையிலோ இதற்கு மாறு; தொடக்கத்திலேயே கடினம், நடுவில் சோறு போன்ற மென்மை. மேலும் தென்னையின் கட்டையில் உள்ள கடுந்துகள்கள் இரம்பத்தின் பற்களை விரைவில் மழுங்கச் செய்யும். தேக்கை ஒழுங்காக அறுத்த அதே எஃகுப் பல் தென்னையில் சிறிது நேரத்துக்குள் முனை இழந்து, அறுப்பதற்கு மாறாகத் தேய்க்கத் தொடங்கிவிடும். தென்னையை மிகுதியாக அறுப்போர் பல்லின் முனையில் டங்ஸ்டன் கார்பைடு போன்ற கடும்பொருள் பதித்த இரம்பங்களை நாடுவது இதனாலேயே.

மரம் எத்தகையது என்பதற்கு அடுத்த கேள்வி, 'அதனை எத்திசையில் அறுக்கப்போகிறேன்?' என்பது. மரம் என்பது நீண்ட நார்களின் கட்டு. ஒரு கட்டு வைக்கோலை எண்ணிப் பாருங்கள். அதனைக் குறுக்கே அறுப்பதற்கு ஒவ்வொரு தாளையும் துண்டிக்க வேண்டும். நெடுக்கே பிரிப்பதற்குத் தாள்களுக்கிடையே வழி செய்தால் போதும். மரத்திலும் இவ்வாறே. குறுக்கறுவைக்கு உரிய பற்கள் கத்தி முனைபோல் சாய்ந்து கூர்மையாக இருத்தல் வேண்டும். அவை நாரை வெட்டுகின்றன. நெடுக்கறுவைக்கு உரிய பற்கள் உளியின் வாய்போல் நேராக இருத்தல் வேண்டும். அவை நாரைச் சீவி எடுக்கின்றன. சங்கிலி இரம்பத்தின் பற்களைக் குறுக்கறுவைக்கு ஏறக்குறைய 30 பாகைச் சாய்வில் தீட்டுவர். நெடுக்கறுவைக்கு ஏறக்குறைய 10 பாகையே போதும். அடிமரத்தைத் துண்டாக்க வாங்கிய இரம்பத்தைக் கொண்டு பலகை அறுக்க முற்பட்டுப் 'பொறி சரியில்லை' என்று குறை கூறுவோர் பலர். பொறியில் குறையில்லை, பல் வேறு, வேலை வேறு.

இனி இரம்பங்களின் வகைகளைக் காண்போம். முற்காலத்தில் பெருமரத்தை இருவர் கூடி அறுத்தனர். அடிமரத்தைத் தாங்குகால்களின் மீது உயர்த்தியோ, குழியின் குறுக்கே கிடத்தியோ வைப்பர். ஒருவர் மேலே நிற்பார். மற்றொருவர் கீழே நிற்பார். நூலில் கரிபூசிச் சுண்டிய கோட்டின் வழியே நீண்ட வாள் மேலும் கீழும் இயங்கும். கீழே நிற்பவர் கண்ணில் மரத்தூள் விழும். நாள் முழுதும் உழைத்தும் சில பலகைகளே கிடைக்கும். இவ்வுழைப்பை எளிதாக்க உலகின் பல பகுதிகளில் அறிஞர்கள் முயன்றதன் பயனே இன்றைய மூவகைப் பொறி இரம்பங்கள்.

முதலாவது வட்ட இரம்பம். இங்கிலாந்தில் சாமுவேல் மில்லர் என்பவர் 1777ஆம் ஆண்டில் இதற்கு உரிமை பெற்றார். வட்டமான எஃகுத் தகட்டின் விளிம்பில் பற்கள், நடுவில் அச்சு. விரைவும் நேர்மையும் உடைய அறுவை இதன் சிறப்பு. ஆனால் பருமரத்தைப் பொறுத்தவரை இதற்கு ஓர் எல்லை உண்டு. தகட்டின் நடுவில் அச்சும் அதனைப் பற்றும் உறுப்புகளும் இருப்பதால், வட்டத்தின் ஆரத்தை விடக் குறைவான ஆழமே இதனால் அறுக்க முடியும். கையில் பிடித்து அறுக்கும் இரம்பங்களுள் மிகுதியாக வழங்குவது 7¼ அங்குலத் தகடு உடையது. அது ஏறக்குறைய 2½ அங்குல ஆழந்தான் அறுக்கும். 16 அங்குலத் தகடுடைய பெரிய கை இரம்பமும் 6 அங்குல அளவிலேயே நின்றுவிடும். 2 அடிப் பருமனுள்ள மரத்தை ஒரே முறையில் அறுக்க வேண்டுமாயின் 4 அடிக்கு மேற்பட்ட விட்டமுடைய தகடு தேவை. தகடு பெரிதாக ஆக, அது வளையாதிருக்க அதன் தடிப்பும் மிக வேண்டும். மரத்தைத் திருப்பிப் போட்டு இரு பக்கமும் அறுக்கலாம் என்பது உண்மையே. ஆயினும் இரு அறுவைகளும் ஒரே தளத்தில் சந்திக்கச் செய்வதற்குத் தேர்ந்த கை வேண்டும். ஆகவே, சட்டங்களையும் பலகைகளையும் அளவாக்குவதற்கு வட்ட இரம்பம், அடிமரத்துக்கு அன்று.

இரண்டாவது பட்டை இரம்பம். தொழிலாளர் இதனைப் பேண்ட் சா என்பர். இரு பெரிய சக்கரங்களின் மீது முடிவற்ற எஃகுப் பட்டை ஒன்று ஓடுகிறது. அதன் ஓரத்தில் பற்கள். இங்கிலாந்தில் வில்லியம் நியூபெரி என்பவர் 1808ஆம் ஆண்டில் இதற்கு உரிமை பெற்றார். கருத்துச் சிறந்ததாயினும் அது நெடுங்காலம் பயன்படவில்லை. பட்டையின் இரு முனைகளையும் இணைத்த இடம் சக்கரத்தில் வளைந்து வளைந்து அறுந்துபோயிற்று. பிரான்சு நாட்டைச் சேர்ந்த ஆன் போலின் கிரெப்பேன் என்னும் பெண்மணி 1846ஆம் ஆண்டில் அவ்விணைப்புக்கு ஒரு வழி கண்டு உரிமை பெற்றார். அதன் பின்னரே பட்டை இரம்பம் தொழிற்சாலைக்குள் புகுந்தது. நல்ல கருத்து ஒன்று ஒரு சிறு இணைப்புக்காக ஏறக்குறைய 40 ஆண்டுகள் காத்திருந்தது என்பதை அறிவியல் மாணவர்கள் நினைவிற் கொள்வது நலம்.

பட்டை இரம்பத்தின் பெருஞ்சிறப்பு அதன் மென்மை. பட்டை இழுத்துக் கட்டப்பட்டிருப்பதால் தகடு தடிப்பாக இருக்க வேண்டுவதில்லை. எனவே அது மரத்தினுள் சென்ற வழியின் அகலம் 2 முதல் 3 மில்லிமீட்டர் அளவிலேயே இருக்கும். இரம்பம் சென்ற அவ்வழியை நாம் அறுவழி என்று அழைப்போம். மரவாடிகளில் அடிமரத்தைத் தண்டவாளத்தின்மேல் ஓடும் வண்டியில் பிணித்து, இரம்பத்தை நோக்கித் தள்ளி அறுப்பதைக் காணலாம். வேறு சில இடங்களில் மரம் அசையாது கிடக்க, படுக்கைவாட்டில் அமைந்த இரம்பமே அதன்மேல் நகர்ந்து செல்லும். இரண்டும் பட்டை இரம்பத்தின் வடிவங்களே. ஆனால் மரவாடியில் நிலையாக நிறுவிய பட்டை இரம்பத்துக்குப் பெரும்பாலும் மும்முனை மின்சாரமும், உறுதியான தளமும், பட்டையைத் தீட்டி இணைக்க வல்ல ஆளும் வேண்டும். அத்தகையது காட்டுக்கோ தோப்புக்கோ தேடி வராது. மரந்தான் இதனைத் தேடிச் செல்ல வேண்டும்.

மூன்றாவது சங்கிலி இரம்பம். இன்று ஊர்தோறும் வழங்கும் செயின் சா இதுவே. இதன் வரலாறு வியப்புக்குரியது. செருமனியைச் சேர்ந்த பெர்னார்டு ஐனே என்னும் மருத்துவக் கருவி வல்லுநர் 1830ஆம் ஆண்டளவில் எலும்பை அறுப்பதற்காகக் கையால் சுழற்றும் பற்சங்கிலிக் கருவி ஒன்றை ஆக்கினார். மரத்தை அறுக்கும் மின் சங்கிலி இரம்பத்தை ஆந்திரியாசு சுடீல் என்பவர் அதே நாட்டில் 1926ஆம் ஆண்டில் உருவாக்கினார். அதனைத் தூக்கி இயக்க இருவர் வேண்டியிருந்தது. பின்னர் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் மரம் வெட்டும் தொழில் செய்துவந்த சோசப் காக்சு என்பவர், வெட்டுண்ட அடிமரத்தில் ஒரு வண்டின் புழுவைக் கண்டார். அது நாரின் குறுக்கேயும் நெடுக்கேயும் ஒரே எளிமையோடு மரத்தைக் குடைந்து சென்றது. அதன் தாடைகள் வளைந்து, வலமும் இடமுமாக மாறி மாறிச் சீவுவதை உற்று நோக்கினார். அவ்வமைப்பைச் சங்கிலியின் பற்களில் கொண்டுவந்து 1947ஆம் ஆண்டில் விற்பனைக்கு அளித்தார். இன்றைய சங்கிலிப் பற்கள் அதன் வழி வந்தவையே. மரத்தைத் துளைப்பதில் மனிதனுக்குப் புழு ஆசிரியராயிற்று.

சங்கிலி இரம்பத்தில் நீண்ட தகடு ஒன்றைச் சுற்றிச் சங்கிலி ஓடுகிறது. அதனை வழித்தகடு எனலாம். அறுக்க வேண்டிய மரத்தின் பருமனை விட வழித்தகடு 2 அங்குலமாவது நீண்டிருத்தல் நன்று. 14 அங்குல மரத்துக்கு 16 அங்குலத் தகடு பொருந்தும். பயிற்சி மிக்கவர் இரு பக்கமிருந்தும் அறுத்து, தகட்டின் நீளத்தை விடப் பருத்த மரத்தையும் துண்டாக்குவர். அது தொடக்க மாணவருக்கு உரிய வேலையன்று. நீண்ட தகடு இருந்தால் எல்லாம் அறுக்கலாம் என்று எண்ணிச் சிறு பொறியில் பெரிய தகட்டை மாட்டுவதும் தவறு. ஒரே விரைவில் அறுப்பதாயின் மரத்தின் பருமன் இரட்டிப்பானால் இரம்பம் அகற்ற வேண்டிய மரமும் இரட்டிப்பாகும். தேவையான ஆற்றலும் ஏறக்குறைய அவ்வாறே பெருகும். 16 அங்குலத் தகட்டுக்கு 40 முதல் 50 கன செண்டிமீட்டர்ப் பொறி போதும். 24 அங்குலத் தகட்டுக்கு 70 கன செண்டிமீட்டரும் அதற்கு மேலும் வேண்டும். ஆற்றலைப் பற்றிய கேள்வி இப்பொழுதுதான் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

இனி ஒரு சிறு கணக்கு. தாளும் எழுதுகோலும் எடுத்துக்கொள்ளுங்கள். 2 அடி அகலமும் 2 அடி உயரமும் 10 அடி நீளமும் உடைய சதுரித்த மரம் ஒன்று இருக்கிறது. அதன் கன அளவு 40 கன அடி. அதில் நீளவாட்டில் 10 அறுவைகள் இட்டுப் பலகைகளாக்க வேண்டும். ஒவ்வோர் அறுவையும் 2 அடி உயரமும் 10 அடி நீளமும் உடையது. அதாவது 20 சதுர அடி. சங்கிலி இரம்பத்தின் அறுவழி 8 மில்லிமீட்டர் என்று கொள்வோம். ஓர் அறுவையில் அரைக் கன அடிக்குச் சற்று மிகுதியான மரம் தூளாகும். பத்து அறுவையில் ஏறக்குறைய 5¼ கன அடி. பட்டை இரம்பத்தின் அறுவழி 2 மில்லிமீட்டர் என்று கொண்டால் பத்து அறுவைக்கும் தூளாவது ஏறக்குறைய 1⅓ கன அடியே. முன்னதில் எட்டில் ஒரு பங்குக்கு மேல் போகிறது. பின்னதில் முப்பதில் ஒரு பங்கு போகிறது. இடையே உள்ள வேறுபாடு 4 கன அடித் தேக்கு. அதன் விலையை உங்கள் ஊர் மரவாடியில் கேட்டுப் பெருக்கிப் பாருங்கள். விலையை விட்டுவிட்டு, அந்த 4 கன அடி வளர்வதற்கு ஆன ஆண்டுகளை எண்ணிப் பாருங்கள்.

திருவண்ணாமலை மாவட்டத்தின் மேற்கெல்லையில் சவ்வாது மலை இருக்கிறது. சந்தனத்துக்குப் பெயர்பெற்ற மலை அது. சந்தன வாணிகத்தில் மரத்தூளும் ஒரு தனித் தரமாகப் பிரித்து விலை கூறப்படும். தூளையும் விலைப்பொருளாக மதிக்கும் அவ்வழக்கம் நமக்கு ஒரு பாடம். எல்லா மரத்தூளும் ஒரு காலத்தில் மரமாயிருந்ததே.

அப்படியாயின் சங்கிலி இரம்பம் பயனற்றதா? இல்லை. அதற்கு உரிய இடம் வேறு. 2016ஆம் ஆண்டு திசம்பர் 12ஆம் நாள் வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோதும், 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் கசா புயல் நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளைச் சூறையாடியபோதும் சாலைகளை மரங்கள் அடைத்துக் கிடந்தன. மின்கம்பிகள் அறுந்திருந்தன. மீட்புப் படையினரும் தீயணைப்பு வீரரும் கையிற் கொண்டு சென்றது இந்தச் சங்கிலி இரம்பத்தையே. மின்சாரம் இல்லாத இடத்தில் பெட்ரோலால் இயங்கும், தூக்கிச் செல்லலாம், எந்நிலையில் விழுந்த மரத்தையும் அணுகலாம். அவ்வேளையில் தூளாவது எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பவர் உண்டோ? நோயாளியை ஏற்றிவரும் வண்டிக்கு வழி திறப்பதே வேலை. ஆகவே, அடிமரத்தை விழுந்த இடத்தில் துண்டாக்கச் சங்கிலி இரம்பம். துண்டைப் பலகையாக்கப் பட்டை இரம்பம். பலகையை அளவாக்க வட்ட இரம்பம். மூன்றும் உடன்பிறந்தாரைப்போல ஒன்றன் வேலையை மற்றொன்று தொடர்ந்து செய்கின்றன. ஒன்றை வாங்கி மூன்று வேலையும் செய்ய முற்படும்போதே இழப்பும் இடரும் தொடங்குகின்றன.

இடர் என்றேன். அதனைச் சற்று விளக்குவது என் கடமை.

'ஆப்பசைத்த குரங்கு' என்னும் வழக்கை நீங்கள் அறிவீர்கள். தச்சன் பாதி அறுத்து, பிளவில் ஆப்பு வைத்துச் சென்ற மரத்தின்மேல் அமர்ந்து, குரங்கு அவ்வாப்பைப் பிடுங்கிற்று; பிளவு மூடி அதனை நெரித்தது. பஞ்சதந்திரம் படித்த சிறுவர்க்கும் தெரிந்த கதை. தச்சன் ஆப்பு வைத்தது ஏன் என்று மட்டும் நாம் கேட்பதில்லை. பாதி அறுத்த மரம் தன் பாரத்தாலும், உள்ளே அடங்கியிருக்கும் இறுக்கத்தாலும் மூடிக்கொள்ள முயலும். அறுவழி மூடினால் உள்ளேயுள்ள இரம்பத்தைக் கவ்வும். கவ்வப்பட்ட வட்ட இரம்பம் அறுப்பவரை நோக்கிப் பின்னே பாயும். மேசையில் பொருத்திய வட்ட இரம்பத்துக்குப் பின்னால் ஒரு சிறு தகடு நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அறுவழி மூடாமல் காக்கும் நிலையான ஆப்பு அது. வேலைக்கு இடையூறு என்று அதனைக் கழற்றி எறிவோர் கதையில் வரும் குரங்கின் செயலையே செய்கின்றனர்.

சங்கிலி இரம்பத்தில் வேறோர் இடர் உண்டு. வழித்தகட்டின் நுனியில் மேற்பாதி மரத்திலோ கிளையிலோ பட்டால், பொறி இமைப்பொழுதில் மேல்நோக்கிச் சுழன்று கையாள்பவரின் முகத்தையும் கழுத்தையும் நோக்கி வரும். சங்கிலி நொடிக்கு 20 மீட்டர் அளவில் ஓடிக்கொண்டிருக்கும், விலகிக்கொள்ள நேரமிராது. ஆகையால் சங்கிலியை உடனே நிறுத்தும் தடை அமைந்த பொறியையே வாங்க வேண்டும். இரு கைகளாலும் பற்ற வேண்டும். தோளுக்கு மேல் உயர்த்தியோ ஏணியில் நின்றோ அறுத்தல் கூடாது. தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பு, காலுக்குத் தடித்த காப்புடை, உறுதியான மிதியடி ஆகியவற்றின் விலையைப் பொறியின் விலையோடு சேர்த்தே கணக்கிட வேண்டும். பொறிக்குப் பணம் இருந்து காப்புக்குப் பணம் இல்லாதவர், பொறிக்கும் பணம் இல்லாதவராகவே தம்மைக் கருதுதல் நலம்.

நம் ஊர்களில் பரவியுள்ள ஒரு வழக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சலவைக்கல் அறுக்கும் 4 அங்குலப் பொறியிலோ, இரும்பு தேய்க்கும் கிரைண்டரிலோ மரம் அறுக்கும் பல்தகட்டை மாட்டிப் பயன்படுத்துகின்றனர். விலை குறைவு, கைக்கு அடக்கம் என்பது அவர்கள் கூறும் காரணம். அப்பொறிகள் நிமிடத்துக்குப் பதினாயிரம் சுற்றுக்கு மேல் சுழல்பவை. மரத்தில் பல் சிக்கினால் தெறிப்பதைத் தடுக்கும் காப்பு அவற்றில் இல்லை. கல்லுக்காக ஆக்கப்பட்டது கல்லுக்கே உரியது. அறுக்கும் ஆழமோ 1½ அங்குலமும் இல்லை. பருமரத்துக்கு அதனால் பயன் யாதும் இல்லை. விரலுக்கோ கேடு மிகுதி.

பழைய வீட்டு உத்திரங்களையும் சாலையோர மரங்களையும் அறுப்பவர் மற்றொன்றையும் கருத வேண்டும். உத்திரத்தில் பழைய இரும்பாணிகள் புதைந்திருக்கும். சாலையோர மரத்தில் விளம்பரப் பலகைகளுக்காக அறைந்த ஆணியை மரம் தன் வளர்ச்சியால் மூடியிருக்கும். வெளியே ஒன்றும் தெரியாது. ஓடும் பல் ஆணியில் மோதினால் பல் உடைந்து தெறிக்கும். பட்டை அறுந்து வீசும். உலோகத்தைக் காட்டும் கருவியால் முன்னரே சோதித்துக்கொள்ளும் அறுவைச் சாலைகள் உண்டு. மரத்தில் ஆணி அறையாதீர் என்று கூறுவது மரத்தின்மேல் உள்ள இரக்கத்தால் மட்டும் அன்று. பின்னொரு நாள் அம்மரத்தை அறுக்கப்போகும் தொழிலாளியின் கண்ணைக் காப்பதற்காகவும் ஆகும்.

எந்த இரம்பத்தை வாங்கினாலும் அதனோடு ஓர் அரமும், அதனைப் பிடிக்கும் பழக்கமும் வேண்டும். மழுங்கிய பல்லுக்கு அடையாளம் எளிது. கூரிய சங்கிலி குறுக்கறுவையில் சீவல்களை உதிர்க்கும். மழுங்கியது மாவு போன்ற தூளை உதிர்க்கும். தூளைக் கண்டதும் பொறியை நிறுத்தி அரத்தை எடுக்க வேண்டும். அவ்வாறு செய்யாமல் பொறியை மரத்தின்மேல் அழுத்துபவர் பொறியையும் கெடுக்கிறார், தம் உடலையும் வருத்துகிறார், இடரையும் அழைக்கிறார். கூர்மைக்கு அரத்தையும் பண்பின்மைக்கு மரத்தையும் ஒரே குறளில் எடுத்துக்காட்டினார் வள்ளுவர். கருவியின் கூர்மையோடு கையாள்பவரின் பொறுப்பும் சேர வேண்டும் என்பதற்கு அக்குறள் நமக்கு இன்றும் துணை நிற்கிறது.

பொறுப்பு என்னும்போது சட்டத்தையும் நினைக்க வேண்டும். சந்தனம் முதலிய சில மரங்களைத் தம் நிலத்தில் நின்றாலும் ஒருவர் விருப்பம்போல் வெட்டிவிட இயலாது. வெட்டுமரம் ஓரிடம் விட்டு ஓரிடம் செல்வதற்குத் தமிழ்நாட்டில் 1968ஆம் ஆண்டு முதல் தனி விதிகள் உள்ளன. இருவர் வாள் பிடித்து நாள் முழுதும் அறுத்த காலத்தில், ஒரு மரத்தை வீழ்த்துவதற்கு முன் சிந்திக்க நேரம் இருந்தது. உழைப்பின் கடுமையே ஒரு காவலாக நின்றது. இன்று அக்காவல் இல்லை. விசையை இழுத்தால் சில நிமிடங்களில் மரம் தரையில் கிடக்கும். ஆகவே, கருவி தராத அந்நேரத்தை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நண்பர்களே, கூறியவற்றைத் தொகுத்துச் சொல்கிறேன். இரம்பம் வாங்குவதற்கு முன் ஐந்து கேள்விகளை இவ்வரிசையிலேயே கேளுங்கள். மரம் அகத்தே வைரம் உடையதா, புறத்தே வைரம் உடையதா? அறுவை குறுக்கா, நெடுக்கா? மரம் இருக்கும் இடத்துக்குக் கருவி செல்ல வேண்டுமா, கருவி இருக்கும் இடத்துக்கு மரம் வருமா? எவ்வளவு மரத்தைத் தூளாக இழக்க நாம் ஒப்புவோம்? கருவியைப் பிடிக்கப்போகும் கைக்குப் பயிற்சியும் காப்பும் உண்டா? இவ்வைந்துக்கும் விடை கிடைத்த பின்னர், ஆற்றல் எவ்வளவு, விலை என்ன என்று கேளுங்கள். பெரும்பாலும் அப்பொழுது ஓர் உண்மை தெரியவரும். ஆண்டுக்கு ஒரு முறை ஓர் அடிமரத்தைப் பலகையாக்க விரும்பும் உழவர், இரம்பமே வாங்க வேண்டுவதில்லை. மரத்தை வண்டியில் ஏற்றிப் பட்டை இரம்பம் உள்ள அறுவைச் சாலைக்கு அனுப்பிக் கூலி கொடுத்து அறுத்துக்கொள்வதே அவருக்கும் மரத்துக்கும் நல்லது.

அடுத்த முறை தேர்நிலைக்கு அருகே செல்லும்போது, சிற்பங்களைக் கண்ட பின் சற்றுக் குனிந்து அடியில் உள்ள உத்திரங்களையும் பாருங்கள். அவற்றின் மேல் ஓடும் நார்க்கோடுகள் முனையிலிருந்து முனைவரை அறுபடாமல் செல்கின்றனவா என்று நோக்குங்கள். அவ்வாறு சென்றால், அம்மரத்தை அறுத்தவர் அதன் இயல்பை அறிந்து, அதற்குரிய கருவியை எடுத்து, அதன் போக்கில் அறுத்திருக்கிறார் என்று பொருள். பெயர் தெரியாத அத்தொழிலாளியின் அறிவின்மேல்தான் தேர் நிற்கிறது.